கவசச் செதில் பூச்சிகளை எதை வைத்து வகைப்படுத்துகிறார்கள்?

தென்னை ஓலையின் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருப்பதும் எலுமிச்சைத் தோலில் சிவப்புப் பொட்டாக இருப்பதும் கவசச் செதில் பூச்சி என்ற ஒரே குடும்பம் என்கிறார்களே, எதை வைத்துச் சொல்கிறார்கள்? வெளியே தெரியும் ஓட்டின் நிறமும் வடிவமும் போதாதா? புத்தகத்துக்குப் புத்தகம் இவற்றின் பெயர் ஏன் மாறுகிறது? இவைதான் கேள்விகள்.

ஓடு போதாது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பூச்சிகளைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் ஓட்டை நம்பியதால் வந்தவை. நாம் கண்ணால் பார்ப்பது பூச்சியின் உடல் அல்ல, அது தன்மேல் கட்டிக்கொண்ட கூரை. தோலை உரிக்கும்போது பழையதைத் தூர விடாமல் தலைக்கு மேலேயே வைத்துக்கொள்கிறது. அதைச் சுற்றி மெழுகு இழைகளை விட்டு, ஆசனவாயிலிருந்து வரும் கழிவைப் பசைபோலப் பூசி ஒட்டுகிறது. பெண் பூச்சி வளர்ந்து முடிவதற்குள் இருமுறை தோல் உரிக்கும், அதனால் பெண்ணின் ஓட்டில் இரண்டு பழைய தோல்கள் இருக்கும். ஆணின் ஓட்டில் ஒன்றுதான். ஊசிமுனையால் ஓட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவில், காலும் இறகும் இல்லாமல், பையைப் போன்ற மென்மையான உடல் கிடக்கும். அதுதான் பூச்சி.

இந்தக் குடும்பத்தின் பெயர் டயஸ்பிடிடே. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எல்லாம் சேர்ந்த ஹெமிப்டிரா வரிசையில், செதில் பூச்சிகளின் கூட்டத்துக்குள் இது வருகிறது. அந்தக் கூட்டத்திலேயே மிகப் பெரிய குடும்பமும் இதுதான். 400க்கும் மேற்பட்ட பேரினங்களும் 2,600க்கும் மேற்பட்ட சிற்றினங்களும் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. மற்ற செதில் பூச்சிகளிலிருந்து இவற்றைப் பிரிக்க வயலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மாவுப்பூச்சியும் மென்செதிலும் செடியின் சாற்றுக் குழாயிலிருந்து உறிஞ்சி, மிச்சச் சர்க்கரையைத் தேன்போலக் கழிக்கும். எறும்பு வரும், இலையில் கரும்பூசணம் படரும். கவசச் செதில் பூச்சியோ இலையின் உயிரணுக்களைக் குத்தி அதிலுள்ளதை உறிஞ்சுகிறது. தேன் சுரப்பதில்லை. எறும்பு மொய்த்து இலை கறுத்திருந்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். இலை சுத்தமாக இருந்து, உறிஞ்சிய இடம் மட்டும் மஞ்சள் பொட்டாக வெளிறியிருந்தால் கவசச் செதிலைத் தேடலாம்.

குடும்பம் வரைக்கும் இப்படி வந்துவிடலாம். அதற்குள்ளே போகும்போதுதான் ஓடு ஏமாற்றும். மாமரத்தின் செதில் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் ஓடு வெள்ளையாக, வட்டமாக, தட்டையாக இருக்கும். அதைச் சுற்றிலும் சின்னச் சின்ன நீள் குச்சிகள்போல, முதுகில் மூன்று வரம்புகளோடு வெள்ளைத் துணுக்குகள் கூட்டமாக இருக்கும். பார்க்கிறவர் இரண்டு வகைப் பூச்சிகள் என்றுதான் சொல்வார். குச்சிகள் எல்லாம் அந்தத் தாயின் ஆண் பிள்ளைகள். வளர்ந்ததும் அவை இறகு முளைத்துப் பறந்துபோகும், பெண் இருந்த இடத்திலேயே இருந்து சாகும். பிறந்த குஞ்சுக்கு ஆணானாலும் பெண்ணானாலும் ஆறு கால்கள் உண்டு. சிறிது தூரம் ஊர்ந்து, ஓர் இடத்தில் ஊசிவாயை இறக்கியதும், முதல் தோலுரிப்போடு அந்தக் கால்களும் போய்விடும்.

கால் இல்லை, உணர்கொம்பு வெறும் மொட்டு. மற்ற பூச்சிகளில் வகைபிரிக்க உதவும் உறுப்புகள் எதுவும் பெண்ணிடம் இல்லை. பிறகு எதைப் பார்ப்பது? வாலை. வயிற்றின் கடைசிக் கண்டங்கள் ஒன்றாக இணைந்து கெட்டியான ஒரு தட்டாக ஆகியிருக்கும், அதைப் பைஜிடியம் என்கிறோம். இந்த வால்தட்டின் ஓரத்தை முறையாகப் படிக்கலாம் என்று 1881இல் காட்டியவர் அமெரிக்கரான ஜான் ஹென்றி காம்ஸ்டாக். அதற்கு முன்னால் லின்னேயஸ் காலத்தில் செதில் பூச்சிகள் அத்தனையும் கோக்கஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் டயஸ்பிஸ், ஆஸ்பிடியோட்டஸ் என்ற பேரினங்கள் பிரிந்தன. ஆனால் அப்போது அவற்றை வரையறுத்தது ஓட்டின் வடிவம்தான்.

வால்தட்டைப் பார்க்க ஸ்லைடு போடவேண்டும். ஓட்டை அகற்றி, உடலில் ஒரு சின்னக் கீறல் போட்டு, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மெல்லச் சூடாக்குவேன். உள்ளேயிருக்கும் கொழுப்பும் சதையும் கரைந்து வெளியே வரும், கண்ணாடிபோலத் தோல் மட்டும் மிஞ்சும். கழுவி, ஆசிட் ஃபுக்சினில் சாயமேற்றி, ஆல்கஹாலில் ஈரத்தைப் படிப்படியாக நீக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் மூடவேண்டும். ஒரு பூச்சிக்கு இரண்டு நாள் ஆகிவிடும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை சூடு அதிகமாகி, வாலின் ஓரத்திலிருந்த மெல்லிய தட்டுகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பூச்சி எது என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை.

சரி, நல்ல ஸ்லைடு ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நுண்நோக்கியில் இளஞ்சிவப்பு விசிறி ஒன்று தெரியும். விசிறியின் விளிம்பில் நடுவே இரண்டு பல் போன்ற மடல்கள், இரு பக்கமும் அடுத்தடுத்த மடல்கள். மடல்களுக்கு நடுவில் சீப்பின் பற்களைப்போலக் கிழிந்த தட்டுகளோ, முனை ஒடுங்கிய சுரப்பி முட்களோ இருக்கும். உடலின் உள்ளிருந்து விளிம்புக்கு வரும் மெழுகுக் குழாய்களையும் பார்க்கவேண்டும். குழாயின் உள்முனையில் குறுக்கே ஒரு வரை இருக்கிறதா, இரண்டு வரைகளா? பிறப்புத் துளையைச் சுற்றிச் சின்னத் துளைக்கூட்டங்கள் உண்டா, இல்லையா? இவ்வளவுதான் அகரவரிசை. இதைக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டால் பேரினம் வரை வந்துவிடலாம்.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜி. எஃப். ஃபெரிஸ் இந்த உடல்களை வரைந்த விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நடுவே கோடு போட்டு, இடப்பாதியில் முதுகையும் வலப்பாதியில் வயிற்றையும் வரைந்தார், ஓரங்களில் வாலின் நுணுக்கங்களைப் பெரிதாக்கிப் போட்டார். 1930களில் அவர் நிலைநிறுத்திய அந்த முறையில்தான் இன்றும் உலகமெங்கும் செதில் பூச்சிகளை வரைகிறார்கள். ரஷ்ய மொழியோ ஜப்பானியமோ தெரியாவிட்டாலும் அந்தப் படத்தை வைத்துப் பூச்சியைப் படித்துவிடலாம். இந்தத் துறைக்கு யாராவது செய்த மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய வகைப்பாட்டில் இரண்டு பெரிய கூடாரங்கள் இருந்தன. ஒற்றை வரைக் குழாயும் கிழிந்த தட்டுகளும் இருந்தால் ஆஸ்பிடியோட்டினே துணைக்குடும்பம். தென்னைச் செதில், எலுமிச்சையின் சிவப்புச் செதில், அரளியில் வரும் செதில் எல்லாம் இதில் அடங்கும். இரட்டை வரைக் குழாயும் சுரப்பி முட்களும் இருந்தால் டயஸ்பிடினே. மாமரச் செதிலும், மிளகுக் கொடியில் மட்டிச் சிப்பிபோல ஒட்டியிருக்கும் லெபிடோசாஃபெஸும் இந்தப் பக்கம். ஆனால் எலுமிச்சை வகைகளில் வரும் பார்லடோரியா இந்தக் கணக்கில் அடங்கவில்லை. குழாயைப் பார்த்தால் டயஸ்பிடினே, தட்டைப் பார்த்தால் ஆஸ்பிடியோட்டினே. ஆளுக்கொரு பக்கமாக அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மரபணுக்களைப் படித்தபோது பார்லடோரியா ஆஸ்பிடியோட்டினேக்காரர்களோடுதான் சேர்ந்தது. 2019இல் பெஞ்சமின் நார்மார்க்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட வகைப்பாடு குடும்பத்தை நான்கு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறது: ஆன்செபாஸ்பிடினே, ஃபர்காஸ்பிடினே, டயஸ்பிடினே, ஆஸ்பிடியோட்டினே. முதல் இரண்டும் சிறியவை. பூச்சிகளில் பெரும்பாலானவை பின்னிரண்டில் அடங்குகின்றன.

மரபணு தீர்த்துவைத்த இன்னொரு வழக்கும் உண்டு. ஃபியோரினியா போன்ற சில பேரினங்களில் பெண் தன் இரண்டாம் தோலைவிட்டு வெளியே வருவதே இல்லை. அந்தத் தோல் பெரிதாகிக் கெட்டிப்பட்டு அதுவே பெட்டியாகிவிடும், பெண் அதற்குள்ளேயே சுருங்கி வாழும். ஓடு கட்ட வேலையில்லாததால் வாலில் உள்ள மடலும் தட்டும் குழாயும் தேய்ந்துபோகும். தேய்ந்தவை எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் உறவு என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இந்தப் பெட்டி வாழ்க்கைக்குப் பல கிளைகள் தனித்தனியாகப் போயிருக்கின்றன. இல்லாததை வைத்து உறவு சொல்லக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது இந்தப் பூச்சிகளிடம்தான். உறவைச் சரிபார்க்க வேறொரு வழியும் கிடைத்தது. இவற்றின் உடலுக்குள் உசினுரா என்ற பாக்டீரியா தாயிடமிருந்து பிள்ளைக்குத் தலைமுறை தலைமுறையாக வருகிறது. பூச்சியின் மரபணுவோடு அந்தப் பாக்டீரியாவின் மரபணுவையும் சேர்த்துப் படித்துக் கிளைகளை ஒப்பிட்டார்கள்.

வாலும் சிலசமயம் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நிஸா என்ற மரத்தில் இரண்டு செதில் பூச்சிகள் தெரிந்திருந்தன. இலையில் இருப்பதன் நடு மடல்கள் விரிந்து இடைவெளி விட்டிருக்கும், அதை ஃபெனகாஸ்பிஸ் என்றார்கள். பட்டையில் இருப்பதன் மடல்கள் நெருங்கி நிற்கும், அது கியோனாஸ்பிஸ். இரண்டு சிற்றினங்கள் மட்டுமல்ல, இரண்டு பேரினங்கள். 1976இல் மேரிலாந்து ஆய்வாளர்கள் ஒரே தாயின் குஞ்சுகளைப் பிரித்து வளர்த்தார்கள். இலையில் குடியேறியவை ஒரு வடிவமாகவும், பட்டையில் குடியேறியவை மற்ற வடிவமாகவும் வளர்ந்தன. ஜப்பானில் தகாகி என்ற ஆய்வாளர் 1960களிலேயே இதே உறவுக்கூட்டத்தைப் பற்றி இப்படித்தான் சொல்லியிருந்தார். குஞ்சு எந்த இடத்தில் ஊசிவாயை இறக்குகிறதோ, அந்த இடம் அதன் வாலின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது!

இனி பெயர் மாறுவதைப் பார்ப்போம். எலுமிச்சையின் சிவப்புச் செதிலுக்கு முதலில் பெயர் வைத்தவர் நியூஸிலாந்தில் இருந்த மாஸ்கெல், 1879இல். சிட்னியிலிருந்து வந்த பழங்களில் அதைப் பார்த்தார், ஆஸ்பிடியோட்டஸ் அவுரான்டி என்றார். பிறகு அது கிரிஸோம்ஃபாலஸ் பேரினத்துக்குப் போனது, இப்போது அயோனிடியெல்லாவில் இருக்கிறது. சிற்றினப் பெயர் கூடவே போகும், பேரினம் மட்டும் மாறும். அயோனிடியெல்லா அவுரான்டி (மாஸ்கெல், 1879) என்று எழுதும்போது பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போடுவது, அவர் வைத்தது வேறு பேரினத்தில் என்று காட்டத்தான். அடைப்பு இல்லையென்றால் முதலில் வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். காஷ்மீர், இமாச்சல ஆப்பிள் தோட்டங்களை வருத்தும் சான் ஹோசே செதில் இன்னும் அதிகம் அலைந்தது. 1881இல் ஆஸ்பிடியோட்டஸ், பிறகு குவாட்ராஸ்பிடியோட்டஸ், அப்புறம் டயஸ்பிடியோட்டஸ், இப்போது காம்ஸ்டாக்காஸ்பிஸ். நான்கு பெயரில் எதைப் பார்த்தாலும் ஒரே பூச்சிதான். பழைய நூல்களைத் தேடுகிறவர் நான்கையும் போட்டுத் தேடவேண்டும்.

இதெல்லாம் ஆய்வகத்தின் தலைவலி, தோட்டக்காரருக்கு என்ன என்று கேட்கலாம். அதற்குத்தான் கலிஃபோர்னியாவின் கதை.

சிவப்புச் செதில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வந்து சேர்ந்து, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களின் முதல் எதிரியாகிவிட்டது. ஆசியாவில்தான் இதன் இயற்கை எதிரிகள் இருக்கவேண்டும் என்று ஆட்கள் ஒட்டுண்ணிகளைத் தேடிப் போனார்கள். கொண்டுவந்த பல ஒட்டுண்ணிகள் கலிஃபோர்னியாவின் சிவப்புச் செதிலில் நிலைக்கவில்லை. காரணம், அவற்றில் சில வேறு செதிலிலிருந்து வந்தவை. மஞ்சள் செதில் என்று ஒன்று உண்டு, அயோனிடியெல்லா சிட்ரினா. 1891இல் காக்கிலெட் அதற்குப் பெயர் கொடுத்திருந்தாலும், சிவப்பின் ஒரு ரகம் என்றே பலர் எண்ணிவந்தார்கள். சிவப்புச் செதில் இலை, பழம், குச்சி, கிளை எல்லாவற்றிலும் ஏறும். மஞ்சள் பெரும்பாலும் இலையோடும் பழத்தோடும் நின்றுவிடும். இரண்டின் ஓடும் மெல்லியது, கண்ணாடி போன்றது. நமக்குத் தெரியும் நிறம் உள்ளேயிருக்கும் உடலின் நிறம், அதுவும் வயதோடு மாறுவது. 1937இல் ஹோவர்ட் மெக்கென்சி வால்தட்டை வைத்து இவற்றைத் தெளிவாகப் பிரித்தார். சிவப்பின் பிறப்புத் துளைக்கு முன்னால் கெட்டிப்பட்ட சில அமைப்புகள் இருக்கும், மஞ்சளில் அதே அளவுக்கு இருக்காது. அடுத்த ஆண்டு அவர் பேரினம் முழுவதையும் திருத்தி எழுதினார். அதற்குப் பிறகுதான், ஆசியாவில் தாம் தேடுவது எந்தப் பூச்சி என்று தேடிப்போனவர்களுக்குத் தெரிந்தது.

தவறு செதிலோடு நிற்கவில்லை, ஒட்டுண்ணியிலும் இருந்தது. அஃபைடிஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மஞ்சள் குளவி. ஓட்டைத் துளைத்து உள்ளே பூச்சியின்மேல் முட்டையிடும். அஃபைடிஸ் கிரிஸோம்ஃபாலி என்ற ஒன்று யாரும் கொண்டுவராமலேயே கலிஃபோர்னியாவுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. ஆசியாவில் மஞ்சள் குளவியைக் கண்ட ஒவ்வொருவரும், இதுதான் நம்மிடம் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்படிப் போனது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்த ஆய்வாளர் ஹரோல்ட் கம்பியர் அவற்றைக் கூட்டுப்புழுவின் கருமைத் தடம் வரைக்கும் பார்த்துப் பிரித்தார். ஒரே பெயருக்குள் பல சிற்றினங்கள் கிடந்தன. 1940களின் பிற்பாதியில் தென்சீனாவிலிருந்து அஃபைடிஸ் லிங்னானென்சிஸ் வந்தது. 1956, 57இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இன்னொரு குளவி போனது. 1959இல் பால் டிபாக் அதற்கு அஃபைடிஸ் மெலினஸ் என்று பெயர் சூட்டினார்.

நம் பக்கத்திலிருந்து போன அந்தக் குளவி, தெற்குக் கலிஃபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் சில ஆண்டுகளுக்குள் லிங்னானென்சிஸை ஓரங்கட்டிவிட்டது. சிவப்புச் செதிலைத் தோட்டங்களில் அடக்கிவைப்பதில் முன்னால் நிற்பது இன்றுவரை அதுதான். அங்கே அதை வளர்த்து விற்கிறார்கள். வளர்ப்பது எதன்மேல் தெரியுமா? பூசணிக்காயில் பரவவிட்ட அரளிச் செதிலின்மேல்! அதுவும் இதே குடும்பம்தான்.

இதே தவறு நம் காலத்திலும் நடந்தது, அதுவும் தென்னையில். 2010ஐ ஒட்டிப் பிலிப்பைன்ஸின் பதாங்காஸ் பகுதியில் தென்னைகள் ஓலை காய்ந்து நின்றன. செதில் பூச்சி என்பது தெரிந்தது. தென்னையில் செதில் என்றால் ஆஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். நம் தென்னைகளிலும் இருக்கும் அதே பழைய பூச்சி, 1869இல் சிக்னோரே விவரித்தது. இயற்கை எதிரிகள் வழக்கமாக அதைப் பிடித்துவைத்திருக்கும். ஆனால் இந்த முறை பூச்சி அடங்கவில்லை. 2014இல் அந்நாட்டு அரசு அவசர நடவடிக்கை அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. ஸ்லைடு போட்டுப் பார்த்தபோது அது ஆஸ்பிடியோட்டஸ் ரிஜிடஸ். இந்தோனேசியாவின் சங்கி தீவில் 1920களில் தென்னைகளை அழித்த அதே பூச்சி, டெஸ்ட்ரக்டரின் ஒரு வகை என்று 1947இல் ரெய்னே பெயரிட்டது. சரியான பெயர் தெரிந்த பிறகு அதற்கேற்ற எதிரியைத் தேடினார்கள். கலாவான் என்ற ஊரில் கண்ட குட்டிக் குளவிக்குக் கம்பீரியெல்லா கலாவானிகா என்று 2016இல் பெயர் வைத்தார்கள்.

இந்த இரண்டு தென்னைச் செதில்களையும் பிரிக்க ஸ்லைடு வேண்டும்தான். ஆனால் ஒரு கைக்கண்ணாடி இருந்தால் முதல் சந்தேகத்தை நீங்களே எழுப்பலாம். ஓலையின் அடியில் ஓட்டை ஊசியால் தூக்குங்கள். டெஸ்ட்ரக்டரின் ஓடு எளிதில் வரும். தாயைச் சுற்றிலும் முட்டைகளும் பொரித்த வெள்ளைத் தோல்களும் முழு வட்டமாகக் கிடக்கும். ரிஜிடஸின் ஓடு விறைப்பானது, அழுத்தித்தான் தூக்கவேண்டும். முட்டைத் தோல்கள் உடலின் ஒரு பாதியில் மட்டும் பிறைபோல ஒதுங்கியிருக்கும். பிறையாகத் தெரிந்தால் அந்த ஓலைத் துண்டை உலர்ந்த காகித உறையில் போட்டு, பக்கத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியல் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும், பிறகு வாலைப் படிக்க எதுவும் மிஞ்சாது.